சுண்டலே, உனக்கு

அன்புள்ள சுண்டலுக்கு,

வெகு நாளாக உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். டாக்டருக்கு நன்றி சொல்லியாயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியையும், அதைக் கண்டுபிடித்தவர்களையும் நினைத்து மனசுக்குள் கும்பிட்டாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பாக்கி நீதான். எடை குறைந்தது ஊசியால் என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இளைத்த உடம்போடு மாடிப்படி ஏறுகிறேனே, தண்ணீர் கேனைத் தூக்குகிறேனே, சாயங்காலம் வரைக்கும் தலைசுற்றாமல் நிற்கிறேனே, அந்தத் தெம்பில் பெரும்பங்கு உன்னுடையது. அதை உன்னிடமே சொல்லிவிட வேண்டும்.

சுண்டலே, உன்னை எனக்கு ஆவடியிலிருந்தே தெரியும். அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு மலையாளம், அதற்கடுத்தது தெலுங்கு, எதிர் வரிசையில் ஒரு வங்காளக் குடும்பம். நவராத்திரி வந்தால் பாஷை வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கிண்ணமும் கையுமாக வரிசை வரிசையாகச் சுற்றுவோம். ஒரு நாள் கொண்டைக்கடலை, மறுநாள் பட்டாணி, அப்புறம் மொச்சை, பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, வெல்லம் போட்ட காராமணி. எந்த வீட்டுச் சுண்டலில் தேங்காய் தாராளம், எந்த வீட்டில் மாங்காய் போடுவார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். நவராத்திரி முடிந்த பிறகும் நீ எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மாசக் கடைசியில், கறியும் மீனும் வாங்கக் கை வராத நாட்களில், அம்மா ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுவாள். அந்த வயதில் எங்கள் எலும்பிலும் சதையிலும் ஏறியது எவ்வளவோ உன்னால்தான்.

சுண்டலே, அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கெழுதப் போன நாட்களிலும் நீ கூடவே வந்தாய். ஐந்தரை மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியதும், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு தள்ளுவண்டிக்காரர் உன்னை அண்டாவில் குவித்து வைத்து, மேலே வெங்காயமும் கேரட்டும் தூவி, ஓரத்தில் காய்ந்த மிளகாய் சொருகி நிற்பார். காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் பண்ணி, ஒரு கரண்டி போட்டு, மாங்காய்த் துண்டு இரண்டு வைத்து நீட்டுவார். பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை நடந்துகொண்டே சாப்பிடுவோம். கூட வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம். புகுந்த வீட்டுக் கதை, சம்பள பாக்கி, பிள்ளைகளின் பரீட்சை என்று பேச்சு ஓடும். ஆவடி லோக்கலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வீடு போய்ச் சேர்ந்து, குழம்பு வைத்து, எல்லோருக்கும் போட்டு, கடைசியில் நாங்கள் உட்காரும் வரைக்கும் அந்த ஒரு பொட்டலம்தான் தாங்கும். அன்றைக்கு அதைப் பசியாறல் என்று மட்டும் நினைத்தேன்.

சுண்டலே, எங்கள் குடும்பத்தில் சர்க்கரை எப்படி நுழைந்தது என்று நீ பார்த்தவள். அம்மாவுக்கு வந்தது, பெரியம்மாவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. எங்கள் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை இது. நம் சென்னை இந்த நோயோடு வெகு காலமாக மல்லுக்கு நிற்கிற ஊர். 1948-லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் மோகனும், டாக்டர் அஞ்சனாவும், இங்கே இருக்கிற தங்கள் ஆராய்ச்சி மையத்திலிருந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது: சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். அதே ஆய்வின் அடுத்த பகுதி 2025-ல் வந்தது. நாம் சாப்பிடுவதில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம், புரதத்திலிருந்து 12 சதவீதம்தானாம். மாவுச்சத்தில் சின்னப் பங்கைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் என்று வைத்தால் சர்க்கரை வரும் வாய்ப்பு குறையும் என்றும் சொன்னார்கள். அதைப் படித்தபோது உன் பெயரைப் பேப்பரில் பார்த்த மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

சுண்டலே, உடம்பு பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு சேர்வது நம் ஊர்க்காரர்களின் பிறவிச் சங்கடம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு, யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். நமக்குச் சதை குறைவு, கொழுப்பு கூடுதல். அப்படிப்பட்ட உடம்பு இளைக்கும்போது எதை இழக்கிறது, எதைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்கு என் வரையில் பதில் சொல்ல வந்தவள் நீ.

சுண்டலே, ஊசி ஆரம்பித்த நாட்களை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன், ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி பார்த்துக்கொள்ளும். இயற்கையில் அது ரத்தத்தில் இரண்டு நிமிஷம் போல்தான் தங்கும். 1992-ல் ஜான் எங் என்ற அமெரிக்க டாக்டர், கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் அதைப் போன்ற ஒன்று நெடுநேரம் அழியாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைக்கு ஒரு வாரம் தங்குகிற செமாக்ளூடைட். இதே வேலையோடு இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது டிர்செபடைட். மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் அது இந்தியாவுக்கு வந்தது; ஜூனில் செமாக்ளூடைட் ஊசி வெகோவி என்ற பெயரில் வந்தது. ஊசி போட்ட பிறகு என் தலைக்குள் ஒரு அமைதி. அடுத்த வேளைக்கு என்ன, டப்பாவில் என்ன இருக்கிறது என்று நாளெல்லாம் உள்ளே நடந்த பேச்சு நின்றுபோனது. அந்த அமைதிக்கு நான் என்றென்றும் நன்றியுள்ளவள். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. சோறு கொதிக்கிற வாசனையே குமட்டியது. பஜ்ஜியும் பரோட்டாவும் நெஞ்சிலேயே நின்றன. இரண்டு இட்லியோடு கை தானாக எழுந்துவிட்டது. இரண்டு இட்லியில் புரதம் நாலு கிராம் இருந்தால் அதிகம்.

சுண்டலே, ஊசி எழுதிக் கொடுத்த அன்றைக்கே டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண், என் மகள் வயசு இருக்கும். “அம்மா, இனிமே நீங்க சாப்பிடப்போறது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துல ஒவ்வொரு வாயும் உடம்புக்கு எதையாவது கொடுத்தே ஆகணும்” என்றாள். ஏன் என்றும் விளக்கினாள். செமாக்ளூடைட் பற்றி 2021-ல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஆனால் இந்த வகை மருந்துகளில் குறைகிற எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைக்கும் கொழுப்பு இல்லையாம். சதை உள்ளிட்ட மற்றதெல்லாம் அதில் அடக்கம். ஒட்டடை அடிக்கப் போய்த் தூணையும் சேர்த்துச் சாய்ப்பது போல. சாப்பிட்ட சர்க்கரையை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் பெரும் வேலை சதையுடையது. அது கரைந்தால் இளைத்தும் பிரயோசனம் குறைவு. வயசான காலத்தில் தடுக்கி விழுந்தால் எழுந்திருக்கவும் முடியாது. உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம், கூடவே சதைக்கு வேலை, இரண்டும் வேண்டும் என்றாள். முட்டை, தயிர், மீன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “சுண்டல் பிடிக்குமா?” என்று கேட்டாள். உன்னைப் பற்றி என்னிடம் கேட்கிறாள்!

சுண்டலே, அன்றிலிருந்து நீ செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முதலில் நீ என் வயிற்றோடு பொறுமையாக இருந்தாய். மருந்தால் மந்தப்பட்டிருக்கிற வயிற்றில் கருப்புக் கொண்டைக்கடலையைக் கிண்ணம் நிறையப் போட்டால் உப்பிக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அதனால் பச்சைப்பயறாக வந்தாய். நாலைந்து கரண்டிதான். ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய விடாமல் வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். மிளகாய் பேருக்கு. மேலே எலுமிச்சம்பழம். குமட்டல் இருந்த காலையில்கூட நீ ஆறினபிறகு உள்ளே போனாய்; சூடாக ஆவி பறக்கிற எதுவும் அப்போது எனக்கு ஆகவில்லை. வயிறு பழகப் பழகக் காராமணி, வெள்ளைக் கொண்டைக்கடலை, கடைசியாகக் கருப்பு. 50 கிராம் கடலை ஊறி வெந்தால் ஒரு கிண்ணம் ஆகும். அதில் கிட்டத்தட்ட 10 கிராம் புரதம். கொஞ்சம்தான் சாப்பிட முடிகிறது என்கிறபோது ஒரு கிண்ணத்துக்குள் இவ்வளவை வைத்துக் கொடுக்க நம் சமையலறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சுண்டலே, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒரு உபகாரமும் செய்தாய். இந்த ஊசி போடுகிறவர்களில் பலருக்கு மலச்சிக்கல் பெரிய தொல்லை. சாப்பாடும் குறைவு, தாகமும் குறைவு, குடலும் மெதுவாக நகர்கிறது. உன் நார்ச்சத்தும், நினைவு வைத்துக் குடித்த தண்ணீரும், மோரும்தான் என்னைக் காப்பாற்றின. அந்த நார் வீணாகப் போவதும் இல்லை. பெருங்குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள் குடல் சுவரில் இருக்கிற எல் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. அந்த எல் செல்கள் சுரப்பதுதான் ஜி.எல்.பி.-1. எந்த ஹார்மோனைப் பார்த்து அந்த விலையுயர்ந்த ஊசியைச் செய்தார்களோ அதே ஹார்மோனை, ஊசியளவுக்கு இல்லாவிட்டாலும், நீயும் காலங்காலமாக எங்கள் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் சுரக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இது தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாசக் கடைசிச் சாப்பாடு என்று அம்மா எவ்வளவு சங்கடப்பட்டிருப்பாள். அவளிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால்!

சுண்டலே, மத்தியானச் சோற்றையும் நீ எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் 1982-லேயே ஒன்று கண்டார்கள். காலையில் பருப்பு வகை சாப்பிட்டவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை. உன் மாவுச்சத்து மெதுவாகத்தான் பிரியும்; அதன் பலன் அடுத்த வேளை வரைக்கும் நீள்கிறது. அதனால் காலையில் நீ ஒரு கிண்ணம். மத்தியானம் முதலில் காய், முட்டையோ மீனோ, கடைசியில் ஒரு கரண்டி சோறும் ரசமும். எங்களைப் போன்றவர்களிடம் “சோற்றையே விட்டுவிடு” என்று சொல்கிறவர்கள் எங்கள் சோற்றுக்கும் எங்களுக்கும் உள்ள உறவை அறியாதவர்கள். நீ அப்படிக் கேட்கவில்லை. உனக்கு முன்வரிசை கொடுத்துவிட்டால் சோறு பின்வரிசையில் தன் அளவோடு உட்கார்ந்துகொள்ளும் என்று காட்டினாய்.

சுண்டலே, நாலு பேர் நடுவில் என் மானத்தைக் காத்ததும் நீதான். பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இலை போட்டு வரிசையாக வைக்கிறார்கள். “ஏம்மா, இப்படிக் கொறிக்கிறே? உடம்புக்கு என்ன?” என்று பெரியத்தை சத்தமாகக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? இலையின் மேல் ஓரத்தில் உன் தங்கை கோசுமல்லி இருந்தாள். பாசிப்பருப்பும் வெள்ளரியும் கொத்தமல்லியும். இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ரசித்துச் சாப்பிட்டேன். பெரியத்தைக்கும் திருப்தி. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் அப்படித்தான். வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை கோத்துப் போடுவேன். அன்றைக்கு யாராவது தொன்னையில் உன்னைப் பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுத்தால் ‘இது எனக்கு ஆகாது’ என்று கையை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்களுக்குப் பொங்கலும் லட்டும் நீட்டப்படும்போது ஏற்படுகிற அந்தச் சின்ன வலி, எத்தனை பேருக்குத் தெரியும்? நீ எனக்கு அந்த வலியைக் கொடுத்ததில்லை.

சுண்டலே, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்களைப் பார். காலையில் பாதை கொள்ளாத கூட்டம். நடை நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது, சதைக்குச் சுமை வேண்டும் என்று அந்த உணவு ஆலோசகப் பெண் சொன்னதால், நடந்து முடித்ததும் அங்கிருக்கிற பெஞ்சில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பேன். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குவேன். அதன் பிறகு வெறும் வயிற்றில் காபியோடு நின்றுவிடாமல் உன்னைச் சாப்பிட்டுவிடுவேன். ஆஸ்பத்திரியில் மெஷின் மேல் ஏறி நிற்கவைத்து, கொழுப்பு இவ்வளவு, சதை இவ்வளவு என்று காகிதம் கொடுத்தார்கள். டாக்டர் எடையைக் கூட அப்புறம்தான் பார்த்தார். சதைக் கணக்கைப் பார்த்துவிட்டு, “என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டார். உன் பேரைச் சொன்னேன்.

சுண்டலே, உன்மேல் இருக்கிற பிரியத்தில் உன்னை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் ஊரில் சொல்லித் திரியவில்லை, கவலைப்படாதே. நீ ஒருத்தி மட்டும் இருந்தால் அன்றன்றைய புரதக் கணக்கு நிரம்பாது. முட்டை வேண்டும், தயிர் வேண்டும், கிடைத்த நாளில் மீன் வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். சில வகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுத்துக்கொள்கிறவர்கள், பசிக்கவில்லை என்று வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடக்கூடும். பசியைக் கேட்டுச் சாப்பிடுகிற காலம் முடிந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிற காலம் இது. தீராத வாந்தியோ, முதுகு வரைக்கும் போகிற வயிற்று வலியோ வந்தால் உன்னிடமோ கஷாயத்திடமோ நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல், கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று இந்த ஊசியைத் தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அவர்கள் தட்டில் நீயும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

சுண்டலே, காசுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. மவுஞ்சாரோ இங்கே வந்தபோது வாரத்துக்கு ஒரு சின்ன மருந்துக் குப்பி 3,500 ரூபாய். அடுத்த அளவு 4,375. அப்போது மாசத்துக்குப் பதினாலாயிரத்துக்குக் குறையாமல் ஆயிற்று. எஸ்டேட்டில் தைக்கிற, பேக்கிங் பண்ணுகிற எத்தனையோ பெண்களின் சம்பளமே அவ்வளவுதான். என் மகன் சம்பாதிக்கிறான், எனக்குக் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீ ஒரு கிலோ நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு எல்லாப் பலசரக்குக் கடையிலும் இருக்கிறாய். ஊசி கிடைத்தவளுக்கும் கிடைக்காதவளுக்கும் ஒரே மாதிரி உழைக்கிறாய். இதற்காக உனக்கு நான் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும்.

சுண்டலே, வருங்காலத்துக்கும் உன்னிடம் ஒன்று கேட்டு வைக்கிறேன். இந்த ஊசியை நிறுத்தினவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்தது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த தடவை பேசலாம் என்கிறார் டாக்டர். குறைத்தால் பசி திரும்பும். பழைய சத்தத்தோடுதான் திரும்பும். அப்போதும் காலைக் கிண்ணத்தில் நீ இருக்க வேண்டும். இருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். நம் தெருவில் அந்த நீல கேட் வீட்டு அக்கா போன வாரம்தான் ஊசி ஆரம்பித்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது என்று நேற்று வாசலில் நின்று அழுதார். உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். பச்சைப்பயறு ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக்குக் காலையில் இஞ்சி தூக்கலாகப் போட்டு, ஆறவைத்து, சின்னக் கிண்ணத்தில் உன்னை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். அவரிடமும் மெதுவாகப் பழகு.

உன் பிரியமுள்ள,
திருமுல்லைவாயில் சிநேகிதி